மாசம் முடியட்டும்

“யாராவது புள்ள பொறந்த வீட்டுல கறுப்புத் துணிய மாட்டுவாங்களா?”

கேட்டுக்கொண்டே மாமியார் அதை ஜன்னலிலிருந்து உருவினாள். வெயில் கட்டிலில் விழுந்தது. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாய் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள்.

“வெளிச்சம் பட்டா மண்டைக்குள்ள ஆணி அடிக்குது அத்தை.”

“நானும் மூணு பெத்தவதான். அடுத்த வாரமே துணி தொவச்சேன். மகாராணிக்கு மட்டும் எல்லாமே அதிசயம்.”

கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ‘தலைவலி மகாராணி’ என்று வீட்டில் பெயர் வைத்திருந்தார்கள். புருஷனும் அதற்குச் சிரித்திருக்கிறான்.

அவன் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுபவன். பெரிய ஓட்டல்களுக்கு வெளிச்சம் கசியாத கறுப்புத் திரை தைத்துக் கொடுப்பார்கள். பகலில் தூங்க வருகிறவர்களுக்கு அது வேண்டும். வெட்டியதில் மிஞ்சிய துண்டைத்தான் கொண்டு வந்திருந்தான். அம்மா வீசியதை எடுத்து மடித்து பீரோ மேல் வைத்தான். பழைய பூப்போட்ட திரையையே மாட்டினான். அதில் வெயில் சல்லடையாக வந்தது.

“டாக்டர்கிட்ட போலாங்க,” என்றாள் அவள். “இது எப்பவும் வர்ற தலவலி இல்ல. படுத்தா இன்னும் அதிகமாவுது.”

“பச்ச ஒடம்புக்காரி மாசம் முடியாம வாசப்படி தாண்டக்கூடாது,” என்றாள் அம்மா. “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

அவன் இருவரையும் பார்த்தான்.

“மாசம் முடியட்டும். மொத வேலையா போயிடலாம்.”

“சரி. தலவலிகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க.”

அதற்கும் அவன் சிரித்தான்.

மறுநாள் காலை அவள் கையிலிருந்து தம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

“பாரு, கோவத்தப் பாத்திரத்துல காட்றா,” என்றாள் அம்மா.

அவளுக்குக் கோபமில்லை. தன் வலக்கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். வார்த்தை கோணிக்கொண்டு வந்தது. அவன் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

மூளையில் ரத்தம் உறைந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

“தலைவலி எப்பலேர்ந்து?” டாக்டரம்மா கேட்டாள்.

“புள்ள பொறந்து நாலஞ்சு நாள்லேர்ந்து,” என்றான் அவன்.

“அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?”

“மாசம் முடியலைங்களே டாக்டரம்மா,” என்றாள் அம்மா, தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல.

அவள் பிணமாகத்தான் வீடு திரும்பினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் செருப்பை ஓசைப்படாமல் கழற்றினார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். யாரோ ஜன்னலையும் சாத்தினார்கள். உயிரோடிருந்தபோது அவளுக்குக் கிடைக்காத இருட்டு அன்று தாராளமாகக் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவன் பீரோ மேலிருந்த துணியை எடுத்து ஜன்னலில் மாட்டினான். அதில் மட்டும் அம்மா கை வைக்கவில்லை.

குழந்தை தவழத் தொடங்கியபோது அம்மா பேச்சை எடுத்தாள்.

“கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குடா இப்படியே இருப்ப? நல்ல எடம். பொண்ணு கைராசிக்காரின்னு சொல்றாங்க. இந்தத் தடவ நல்லா துருவித் துருவி விசாரிச்சுட்டேன். தலவலி கிலவலி ஒண்ணும் கெடையாது.”

அவன் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

“அவங்க நம்மளப் பத்தி என்னம்மா விசாரிச்சாங்க?”

“நம்மள விசாரிக்க என்ன இருக்கு? நல்ல குடும்பம்னு தெருவே சொல்லுது.”

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

“பொண்ணோட அப்பா நம்பர் சொல்லு.”

“எதுக்கு? நீ என்னடா பேசப் போற?”

“விசாரிக்க மறந்துட்டாங்க. நானே சொல்லிடறேன். இந்த வீட்டுல உயிர் போனப்புறந்தான் தலவலிய நம்புவாங்கன்னு.”