மாப்பிள்ளை கேட்ட இருட்டு

வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு வந்ததும் எல்லோரும் வெளிச்சம் கேட்டார்கள். மாமியார் சமையலறைக்குப் பெரிய சன்னல் கேட்டார். மாமனார் கூடத்துக் கூரையில் கண்ணாடி பதிக்கச் சொன்னார். மனைவி குளியலறைக்கு முகத்தைப் பளிச்சென்று காட்டும் விளக்கு கேட்டாள். மாப்பிள்ளை மட்டும் இருட்டு கேட்டான். மாடிப்படிக்குக் கீழே, கம்பி ஒடிந்த குடைகளும் காற்றுப்போன பந்துகளும் கிடக்கிற மூலையில் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் குளிர்ச்சி. வேறொன்றும் வேண்டாம்.

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. திராட்சையை ஊறவைத்து ஒயின் செய்வது அவனுடைய ஒரே கெட்ட பழக்கம். அதுவும் அவனுக்கு ஒழுங்காக வந்ததில்லை. போன கோடையில் பீரோ மேல் வைத்திருந்த பாட்டில்கள் சூட்டில் கெட்டுப்போய், திறந்த மாத்திரத்தில் குடும்பமே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது. இந்த முறை செய்தது உருப்படியாக வந்திருந்தது. அவனாலேயே நம்ப முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஓர் இருட்டறையில் படுக்க வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் மறுபடியும் வினிகர்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னான். "வெயிலும் வேண்டாம், காத்தும் வேண்டாம் மாமா. சுத்திச் செங்கல், ஒரு கதவு. அவ்வளவுதான்."

"தாராளமா மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

கை கழுவப் போனபோது சமையலறையில் மாமியார் குரல் கேட்டது. "பாவம், கூச்ச சுபாவம். உரிமையா கேக்கத் தெரியல. போயும் போயும் ஓட்டை உடைசல் போடற மூலையைக் கேக்கறாரு. அவரு வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு, நாமதான் பாத்துச் செய்யணும்."

அதைக் கேட்டு அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அங்கேதான் கோட்டை விட்டான்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தால், மாடிப்படிக்குக் கீழே கொத்தனார் வெளிச்சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"சன்னல் சார். அம்மா சொன்னாங்க."

"சன்னலே வேண்டாம்னு காலையிலதானே சொன்னேன்?"

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க, காதுல போட்டுக்காதன்னும் அம்மா சொன்னாங்க."

இன்று ஒரு வழி பார்த்துவிடுவது என்று அவன் மாமியாரைத் தேடிப் போனான். அவர் தலையெல்லாம் சிமென்ட் தூசியுடன், முகம் முழுக்கச் சிரிப்புடன் எதிரே வந்தார்.

"சன்னல் பாத்தீங்களா மாப்பிள்ளை? கிழக்க பாத்து வச்சிருக்கு. விடிஞ்சதும் வெயில் நேரா உள்ள விழும்."

"நல்லா இருக்கு அத்தை," என்றது வாய். அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

மனைவியிடம் முறையிட்டான். "உங்கம்மாகிட்ட நீயாவது சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? உனக்குக் காத்து ஆகாதுன்னா? ஏற்கெனவே நான் உன்னை ஒழுங்கா கவனிக்கறதில்லன்னு ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. இதுல நீ போய் இருட்டுல உக்காந்தா என் மானம் என்ன ஆகறது?"

"உக்காரப் போறது நானில்ல. பாட்டில்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

அதன்பிறகு மரியாதை அடுக்கடுக்காக வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்குப் புழுங்கக் கூடாது என்று மின்விசிறி வந்தது. வெளிச்சம் பட்டுத் தெறிக்கட்டும் என்று மாமனார் தன் கையாலேயே தேர்ந்தெடுத்த வெள்ளை டைல்ஸ் வந்தது. பாட்டில்களைப் படுக்க வைக்க அவன் வரைந்து கொடுத்த மரத்தட்டைத் தச்சர் அச்சு அசலாகச் செய்துதான் கொண்டுவந்தார். அதன்மேல் மாமியார் ஒரு பூந்தொட்டியை வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அவன் "நல்லா இருக்கு" என்றான். சொல்லச் சொல்லக் கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டே போனது.

வேலை முடிந்தபோது வீட்டிலேயே லட்சணமான அறை அதுதான். மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே செய்தித்தாள் படித்தார். முகத்தில் வெளிச்சம் அழகாக விழுகிறது என்று மனைவி தன் அலுவலகக் கூட்டங்களை அங்கிருந்தே நடத்தினாள். மாமியார் காய் நறுக்கினார். ஒயின் மட்டும் மாடியில், கட்டிலுக்கடியில், வேகிற அறையில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயிலில், கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில் தன் மூடியைத் துப்பியது. அவன் குனிந்து முகர்ந்தான். இன்னும் கெடவில்லை. ஆனால் கெடுவதென்று முடிவு செய்துவிட்ட வாடை.

கீழே இறங்கினான். மதில் வேலைக்கு வைத்திருந்த சிமென்ட்டைக் குழைத்தான். மிச்சச் செங்கல்லைச் சுமந்து வந்து, மாமனாரின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, சன்னல் கம்பிகளுக்கு முன்னால் முதல் வரிசையை வைத்தான்.

"என்ன மாப்பிள்ளை வேலை இது?"

"சன்னலை அடைக்கறேன் மாமா."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். அவன் நெற்றியில் சிமென்ட் வழிந்தது.

"ஏன் மாப்பிள்ளை, உங்களுக்குப் பிடிக்கலையா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

"பிடிக்கலை அத்தை. சன்னல் பிடிக்கலை, ஃபேன் பிடிக்கலை, டைல்ஸும் பிடிக்கலை. எனக்கு இருட்டுதான் வேணும். முதல்லேர்ந்து அதைத்தான் கேக்கறேன்."

மாமியார் கரண்டியால் சிமென்ட்டைக் காட்டினார்.

"தண்ணி ஜாஸ்தி. இப்படிக் கட்டினா நாளைக்கே பேத்துக்கிட்டு வரும். தள்ளுங்க."

தள்ளச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. குழைத்தும் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் சன்னல் போன இடத்தில் கோணல்மாணலாக ஒரு சுவர் நின்றது. மின்விசிறியைக் கழற்றினார்கள், தொட்டியை இறக்கினார்கள். அடுத்த நாளே அறை சில்லிட்டது. கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மத்தியானம் அவன் முதல் கூடை பாட்டில்களைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான்.

தரையில் பாய் விரித்து மாமனார் படுத்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மாமியார். வெளியே வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

"நீங்க பாட்டுக்கு அடுக்குங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார் கண்ணைத் திறக்காமல். "இந்த வீட்டுலயே இப்பத்தான் மனுசன் தூங்கற மாதிரி ஒரு ரூம் கிடைச்சிருக்கு."

அவர்களைத் தாண்டித் தாண்டி, அவன் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தான். கடைசிப் பாட்டிலையும் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மாமியார் புரண்டு படுத்தார்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க மாப்பிள்ளை. வெளிச்சம் கண்ணைக் குத்துது."