வெள்ளை டேப் ஒட்டிய மச்சம்

எங்கள் தோல் மருத்துவமனையில் ஒளி அறை என்னுடையது. ஆளுயரப் பெட்டி, உள்ளே சுற்றிலும் புற ஊதாக் குழல்விளக்குகள், கதவில் ஒரு கைப்பிடி. சொரியாசிஸ்காரர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதற்குள் சில நிமிடம் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள் ஊரில் பாதிப்பேர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எத்தனை விளக்கு என்று எண்ணிப் பார்த்தவர் இருக்கிறார். உள்ளே நின்றபடி போனில் சம்பந்தியோடு சண்டை போட்டவர் இருக்கிறார். பதினோரு வருடம் இதையெல்லாம் பார்த்துவிட்டு மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை வரவில்லை என்றால் அது என் குற்றமா?

எல்லோரையும்விட எனக்கு ஆகாதவர்கள் சன்ஸ்கிரீன் பக்தர்கள். மச்சத்தின் மேல் ஒரு பொட்டு களிம்பு வைத்துவிட்டால் ஒளி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது என்று நினைப்பு. தோல் சிவக்காமல் அது பார்த்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் மச்சம் கறுப்பதையும் அதன் ஓரம் மங்குவதையும் முழுசாகத் தடுப்பதில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு அளக்கவில்லை. என் இடது முன்கையில் வரிசையாக மூன்று மச்சம். ஒன்றைச் சும்மா விட்டேன், ஒன்றுக்கு சன்ஸ்கிரீன் தடவினேன், மூன்றாவதன் மேல் ஒளி புகாத வெள்ளை டேப் ஒட்டினேன். கையைப் பெட்டிக்குள் நீட்டினேன். ஒரு வாரம் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தால் முதல் மச்சம் கன்னங்கரேல் என்று இருந்தது. களிம்பு மச்சமும் கறுத்துத்தான் போயிருந்தது. டேப் போட்டது மட்டும் முன்பு எப்படியோ அப்படியே இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் எங்கள் பெரிய டாக்டரால். ஒரு தபால்காரருக்கு, ஒளி வாங்கிய இரண்டாம் நாளே மச்சங்களைப் பரிசோதித்து, கறுத்திருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்று நான்கை வெட்டி எடுத்தார். நான்கும் வெறும் மச்சம் என்று பரிசோதனைக்கூடம் எழுதி அனுப்பியது. "ஒளி பட்டா அப்படித்தான் தெரியும் சார், நாலு வாரம் விட்டா இறங்கிடும்" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. கடைசியில் என் கையைப் பார்த்த பிறகு சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். ஒளி வாங்குபவரின் மச்சம் மாறினால், ஒளியை நிறுத்தி நான்கு வாரம் கழித்தே முடிவு செய்ய வேண்டும். கண்காணிப்பில் இருக்கும் மச்சத்துக்கு டேப் கட்டாயம். கீழே அவர் கையெழுத்து இருந்தாலும் அது நான் போட்ட சட்டம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு முறை படித்துக்கொள்வேன்.

போன வருடம் என் நாத்தனாருக்கு சொரியாசிஸ் வந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். முழங்கையில் செதில் உதிரும் டீச்சர் இறங்குகிற தண்ணீரில் எங்கள் பிள்ளை இறங்காது என்று பெற்றோர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். தொற்றாது என்று சொன்னால் படித்த முட்டாள்களுக்கு ஏறுமா? தோல் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்ற நிலைமையில் அவளை நானே ஒளிக்குச் சேர்த்தேன்.

தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் அவள். கழுத்திலிருந்து தொடைவரை முதுகை மூடிய நீச்சலுடை போட்டுக்கொண்டுதான் குளத்தில் இறங்குவாள். மிச்சம் தெரிகிற இடத்தில் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி சன்ஸ்கிரீன். வீட்டில் அவளுக்குச் சுண்ணாம்பு என்று பெயர். வைத்தது நான்தான்.

முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. முதல் நாளே, புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர் அதைக் கண்காணிப்பில் போட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் பெட்டிக்குள் போகுமுன் நானே டேப் ஒட்டினேன். ஒட்டும்போது மச்சத்தைப் பார்த்தேனா என்றால், இல்லை. வாய் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும், பழகிய கை ஒட்டிவிடும்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் சின்ன டாக்டர் உருப்பெருக்கியை அந்த மச்சத்தைவிட்டு எடுக்கவே இல்லை. படிப்பை முடித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகாத பெண். நாடகம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இங்க ஒரு பக்கம் ஓரம் கலைஞ்சிருக்கு. நிறமும் ரெண்டா தெரியுது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன்."

"அனுப்புங்களேன். பெரியவர் நாலு எடுத்தாரு, நீங்க அஞ்சாவதை எடுங்க," என்றேன். "ஒளி வாங்கற உடம்பு டாக்டர். சுவத்துல எழுதியிருக்கே, படிச்சீங்களா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இல்லக்கா, இது கொஞ்சம் வேற மாதிரி..."

"புதுசா வர்றவங்களுக்கு எல்லாமே வேற மாதிரிதான் தெரியும். நாலு வாரம் கழிச்சுப் பாருங்க."

மென்று விழுங்கிக்கொண்டு, ஒளியை நிறுத்தி நான்கு வாரம் என்று குறிப்பில் எழுதினாள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். சட்டையைப் போட்டபடி நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நிஜமாவே வெயிட் பண்ணலாமா? அது அரிக்கிற மாதிரியே இருக்கு."

"உனக்கு எதுதான் அரிக்கலை? போய் வேலையைப் பாரு, சுண்ணாம்பு."

சிரித்துக்கொண்டே போனாள். ஒளி நின்றதும் முழங்கையில் செதில் திரும்ப ஏறியது. பள்ளிக்கூடத்தில் அவளைக் குளத்திலிருந்து தூக்கி, அலுவலக அறையில் வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். இரண்டு முறை போன் செய்தாள். இரண்டாவது முறை நான் எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு லிஃப்ட் மெக்கானிக் புதிதாகச் சேர்ந்தார். ஊரில் உள்ள எல்லாக் கருவியும் தன் கையால்தான் சரியானதுபோல் பேசுகிற ஆள். அவர் மச்சத்துக்கு ஒட்ட நான் டேப்பைக் கிழித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் துண்டு டேப்பா ஒளியைத் தடுக்கப்போவுது? சன்ஸ்கிரீன் இருக்கு, போட்டுக்கறேன்."

இப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுப்பது எனக்குப் பிடித்தமான வேலை. "டேப்புக்கு அடியில ஒரு துளி ஒளி போகாது. பதினோரு வருஷமா இந்தப் பெட்டியோட இருக்கேன், என் கையிலயே ஒட்டிப் பாத்திருக்கேன். டேப் போட்ட மச்சம் கறுக்காது, கலையாது. அப்படிக் கலைஞ்சா அதுக்குக் காரணம் ஒளி இல்ல, வேற ஏதோன்னு அர்த்தம்."

சொல்லி முடித்ததும் கையிலிருந்த டேப்பைப் பார்த்தேன். நாத்தனாரின் மச்சத்துக்கு ஒவ்வொரு முறையும் டேப் ஒட்டியது யார்? குளத்திலும் அதில் வெயில் பட வழியில்லை. ஒளியே காணாத மச்சம் கலைந்திருக்கிறது. அதை ஒளியின் மேல் போட்டு அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆறு மாத டாக்டருக்குக் கண் இருந்தது. எனக்குச் சுவரில் ஒரு காகிதம் இருந்தது.

மெக்கானிக்கை அப்படியே நிற்க வைத்துவிட்டுச் சின்ன டாக்டரிடம் ஓடினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்தாள். அன்று மாலையே நாத்தனாரை வரவழைத்து, மச்சத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. புற்றுதான். சுற்றிலும் இன்னும் அகலமாக எடுக்க வேண்டும், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றாள் சின்ன டாக்டர்.

"இந்த மூணு வாரத்துல அது உள்ள இறங்கியிருக்குமா டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

அன்று அவளை நான் பேசிய பேச்சுக்கு, இப்போது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

பெரிய அறுவை முடிந்து நாத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினாள். அக்குளில் எடுத்ததன் முடிவு இன்னும் வரவில்லை. கட்டு மாற்றும் வேலை என்னுடையது. இரண்டாம் நாள் காலை கட்டிலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தையல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. அவள் முகம் தெரியாததால்தான் எனக்குப் பேசத் தைரியம் வந்தது.

"உன்னைக் காக்க வெச்சது நான்தான். டேப் ஒட்டினதும் நான்தான். அது ஒளியால வந்தது இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். நான் யோசிக்கக்கூட இல்ல. எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

பழைய பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன்.

"அம்மா அன்னிக்கே வேற ஆஸ்பத்திரில காட்டச் சொன்னாங்க அண்ணி," என்றாள். "நான்தான் அவங்ககிட்ட சண்டை போட்டேன். எங்க அண்ணிக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியப்போவுதுன்னு."