கண்டக்டர் நிறுத்துகிற இடம்

காலை ஏழு மணிக்கு இடது கையில் இரண்டு ஊசியைக் குத்திச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தால் பதினொரு மணி வரை அந்தக் கையை அசைக்கக்கூடாது. ஒரு குழாய் வழியாக ரத்தம் போகும், மெஷின் அதைக் கழுவும், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கூத்து. ஆறு நாற்காலி, ஆறு மெஷின், ஆறு பேர். நான்கு மணி நேரம் மேல்கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? முன்பு ஒரு டிவி இருந்தது. ரிமோட்டுக்காக நடந்த சண்டையைப் பார்த்துவிட்டுத் தலைமை நர்ஸ் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் இரண்டாம் நாற்காலிக்காரர், அட்டை கிழிந்த ஒரு பழைய பேய்க்கதைத் தொகுப்போடு வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டுக்குக் கேட்கிற தொண்டை. வலது கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் கிழிக்கிற மாதிரி கட்டைவிரலாலேயே பக்கத்தைத் தள்ளுவார்.

ஆனால் அந்த வலது கையில்தான் எல்லோருக்கும் பிரஷர் பட்டையும் சுற்றியிருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை ஆறு பட்டையும் ஒன்றாக உப்பிக் கையை இறுக்கும். அப்போது கையைக் கீழே வைத்து ஆடாமல் இருக்க வேண்டும், கண்டக்டரும் புத்தகத்தை மூடித்தான் ஆக வேண்டும். இன்னொருவராக இருந்தால் ஏதோ ஓரிடத்தில் நிறுத்தியிருப்பார். இவர் எந்த இடத்தில் விசில் ஊத வேண்டும் என்று தெரிந்த மனுஷன் ஆயிற்றே! சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் இழுத்து, தேவைப்பட்டால் ஓட்டி, பேய் தலையை நீட்டுவதும் பட்டை இறுகுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்படி செய்வார்.

"நிலம் அளக்க வந்த அளவைக்காரன் படியில் கால் வைத்தான்" என்று வாசித்தார் அந்தச் செவ்வாய்க்கிழமை. "மேலே யாரோ கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் நின்றது. அந்த வீட்டில் கடிகாரமே கிடையாது. இப்போது காலடிச் சத்தம். ஒரு படி. இரண்டு படி. இறங்கி வருகிறது. அளவைக்காரன் விளக்கை உயர்த்தினான். அங்கே..."

புஸ்ஸென்று ஆறு பட்டையும் இறுகின.

"அய்யோ!" என்று அலறினாள் ஐந்தாம் நாற்காலியில் இருந்த டெய்லரம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், நாற்பத்திரண்டு வயது. பயந்தால் வாய்விட்டுக் கத்த வேண்டும், கத்தின பிறகு வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், அதுதான் அவளுக்குச் சுகம்.

"அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்களா? யாருன்னு சொல்லிட்டு நிறுத்தக்கூடாதா?"

"அடுத்த ஸ்டாப் வியாழக்கிழமைதான் டெய்லரம்மா" என்றார் கண்டக்டர்.

ஆறாம் நாற்காலியில் இருந்த பூட்டுக்காரர், "ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் திறந்தவன் நான். எனக்கே படி ஏறணும்னா கால் வரல" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மெஷின் மட்டும் சிரிக்காமல் டெய்லரம்மாவின் பிரஷரைக் காட்டியது. நூற்று அறுபத்தெட்டு. தலைமை நர்ஸ் அதைச் சார்ட்டில் எழுதி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். டெய்லரம்மாவின் அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். அக்காதான் தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிறவள். கப்பல் சமையலறையில் வேலை. கதைச் சத்தம் காதில் விழக்கூடாது என்று எப்போதும் வராந்தாக் கடைசியில் போய் உட்கார்ந்திருப்பாள். அடுப்பும் எண்ணெயும் புயலும் பார்த்தவள், பேய் என்றால் மட்டும் ஒரே ஓட்டம்.

"ஒரு மாசமா பிரஷர் ஏறிட்டே போகுது. மாத்திரையைக் கூட்டியும் இறங்கல" என்றார் டாக்டர். "வர்ற வாரம் சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ வரலைன்னா ஆபரேஷனைத் தள்ளித்தான் வைக்கணும்."

"தள்ளி வைக்கறதுன்னா எப்ப டாக்டர்? மாசக் கடைசியில எனக்கு லீவு முடியுது. கப்பல்ல ஏறினா பத்து மாசம் கழிச்சுத்தான் இறங்குவேன்" என்றாள் அக்கா.

டாக்டர் சார்ட்டை மூடிவிட்டு டெய்லரம்மாவைப் பார்த்தார். இன்னும் பத்து மாதம் தங்கையின் உடம்பு இந்த மெஷினைத் தாங்குமா என்பது அவருக்கும் சந்தேகம். டெய்லரம்மாவுக்கு அது புரிந்தது.

"எல்லாம் அந்தக் கண்டக்டர் பண்ற வேலை" என்று தலைமை நர்ஸ் பட்டென்று போட்டு உடைத்தாள். "காலங்கார்த்தால பேயும் பிசாசும். பிரஷர் ஏறாம என்ன செய்யும்?"

கண்டக்டர் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. டெய்லரம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"சிஸ்டர், இனிமே கதை கிடையாது. அண்ணே, புத்தகத்தைப் பைக்குள்ள வைங்க. எனக்கு இந்த ஆபரேஷன் நடந்தாகணும்."

வியாழக்கிழமை கதை இல்லை. மற்ற ஐந்து பேரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பொறுக்க முடியாமல் கண்டக்டர் மட்டும் மெஷினோடு வந்த கையேட்டை எடுத்து, அதே குரலில் வாசித்தார். "வடிகட்டியை மாற்றும் முன், மின் இணைப்பைத் துண்டிக்கவும்." பூட்டுக்காரர், "அய்யோ, துண்டிக்கலைன்னா?" என்று நடுங்கிக் காட்டினார். டெய்லரம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு வேறு ஏதேதோ வந்தது. மேல்கூரையைப் பார்த்தால், பக்கத்து ஆபரேஷன் மேஜையில் அக்கா கிழிபட்டுக் கிடந்தாள். கண்ணை மூடினால், அக்கா கண் திறக்கவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். நல்ல உடம்போடு இருக்கிறவளை என் உயிருக்காக அறுக்க விடுகிறேனே, நான் மனுஷிதானா என்று நெஞ்சு கேட்டது. பட்டை இறுகியது. நூற்று எழுபத்து நான்கு.

சனிக்கிழமை நூற்று எழுபத்தெட்டு. வீட்டில் எடுத்தாலும் அதே கதிதான்.

கதையை நிறுத்தினால் இறங்க வேண்டியது ஏறுகிறதே, இது என்ன நியாயம்? தலைமை நர்ஸ் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா பையில் துணி மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். மனசு ஆறாமல் டெய்லரம்மா ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே யோசித்தாள். அரைக்கை ஒன்றைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தபோது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஊசி குத்தக் கையை நீட்டுமுன் சொன்னாள். "சிஸ்டர், இன்னைக்குக் கதை வேணும்."

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நாலு நாள்தான் இருக்கு."

"அதனாலதான் கேக்கறேன். ஒரு மாசமா என் பிரஷரை எப்ப எடுத்தீங்க? பேய் எதிர்ல வந்து நிக்கறப்ப. அண்ணன் சரியா அந்த இடத்துலதான் நிறுத்துவார். மாடிப்படியில ஓடறவனை நடுவுல பிடிச்சு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தா துடிக்காம என்ன செய்யும்? படி இறங்கி உக்காந்தப்புறம் ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"மெஷின் அரை மணிக்கு ஒரு தடவைதான் எடுக்கும். அது விதி."

"எடுக்கட்டும், எழுதிக்குங்க. கதை முடிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு உங்க கையால இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் எழுதுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"கதை இல்லாதப்பவும்தான் ஏறுச்சே? அதுக்கு என்ன சொல்றீங்க?"

டெய்லரம்மா விடவில்லை. "கதை இல்லாதப்ப எங்கக்கா செத்துப் போறா, சிஸ்டர். நாலு மணி நேரமும் செத்துக்கிட்டே இருக்கா. அந்தப் பயத்துக்கு முடிவே இல்ல. கதையில வர்ற பயம் முடியும். கத்துவேன், சிரிப்பேன், உடம்பு அப்படியே லேசாகிடும். நீங்க ஒத்துக்கலைன்னா ஊசி குத்த இந்தக் கையைத் தர மாட்டேன்."

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். முதல் நாற்காலியிலிருந்து ஒருவர், "நானும் தரல" என்றார். அப்புறம் ஒவ்வொரு கையாக உள்ளே போயிற்று. பூட்டுக்காரருக்கு ஏற்கனவே ஊசி ஏறிவிட்டது. "என்னை எண்ணிக்கைக்கு மட்டும் சேர்த்துக்குங்க" என்றார்.

தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து ஆறு பேரையும் முறைத்தாள். "ஒரே ஒரு நாள்" என்றாள்.

கண்டக்டர்தான் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கும்மா. மறுபடியும் ஏறிட்டா?"

"ஏறத்தான் செய்யும். நீங்க கூடவே இருந்து இறக்கி விடணும். நடுவழியில இறக்கி விட்டுட்டுப் போகக்கூடாது. வாசிங்க."

வாசித்தார். விளக்கு உயர்ந்தது. படியில் இறங்கி வந்தது அளவைக்காரனேதான், தலை நரைத்துப்போன அவனே, கையில் சாவியோடு. "இத்தனை நாள் உன் பங்குக்கும் நான் சாவி கொடுத்தேன். இனி நீ கொடு" என்றது. அந்த நேரம் பார்த்துப் பட்டை இறுகியது. நூற்று எழுபது. டெய்லரம்மா அலறிய அலறலில் வராந்தாக் கடைசியில் இருந்த அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பட்டை தளர்ந்ததும் கண்டக்டர் நிற்கவில்லை. மூச்சு விடாமல் கடைசி வரி வரை ஓட்டினார். அளவைக்காரன் வாசலைத் தாண்டி, வயலைத் தாண்டி, விடிகிற வரை ஓடினான். நின்று மூச்சு வாங்கிச் சட்டைப் பையில் கை விட்டால், உள்ளே சாவி.

"ஐயையோ!" என்று ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு யாரோ சிரித்தார், அது தொற்றிக்கொண்டது. டெய்லரம்மா கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "அவன் சட்டையை எவன் தைச்சான்? பை வைக்காம தைச்சிருந்தா தப்பிச்சிருப்பான்ல?"

பத்து நிமிஷம் கழித்துத் தலைமை நர்ஸ் பொத்தானை அமுக்கினாள். நூற்று முப்பத்திரண்டு. அவள் நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கினாள். நூற்று முப்பது. பேனாவை எடுத்து, அந்த நூற்று எழுபதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல்லை மீறி வியாழக்கிழமை அவளே கேட்டாள், "இன்னைக்கு என்ன கதை?" என்று.

சனிக்கிழமை டாக்டர் சார்ட்டை நெடுநேரம் பார்த்தார். கதை நடுவே, கதைக்குப் பின்பு என்று இரண்டு வரிசை. நம்பிக்கை வராமல் முழுக் கதைக்கும் ஓரமாக நின்று கேட்டார், கிணற்றடிக் காட்சியில் அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. கடைசியில் தன் கையாலேயே அளந்தார். நூற்று இருபத்தெட்டு. "புதன்கிழமை ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டர் புத்தகத்தில் முகத்தை வைத்து அழுதார்.

புதன்கிழமை காலை அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பச்சை அங்கியோடு படுத்திருந்தார்கள். தள்ளுவண்டி வந்து நின்றது. கொடுக்கிறவள் முதலில் போக வேண்டும். கடைசியாக ஒரு தடவை பிரஷர் பார்த்த இளம் நர்ஸின் முகம் மாறியது. நூற்று அறுபத்தாறு. தங்கைக்கு இல்லை, அக்காவுக்கு.

"கொஞ்ச நேரம் பார்ப்போம். இறங்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லியாகணும்" என்றாள் நர்ஸ்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குடி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மயக்கம் தெளியாம போயிட்டா..."

"அக்கா, இங்க பாரு. ஒரு கதை சொல்றேன்."

"வேணாம். சத்தியமா வேணாம்."

"ஒரு படகுக்காரன். தினமும் ஏழு பேரை ஏத்துவான். அன்னைக்கும் எண்ணி ஏழு பேரைத்தான் ஏத்தினான். நடு ஆத்துல திரும்பிப் பார்த்து எண்றான், எட்டு பேரு."

"அடிப்பாவி" என்றாள் அக்கா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அப்புறம்?"

தள்ளுவண்டிக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு அருகில் வந்தார். டெய்லரம்மா குரலைத் தாழ்த்தினாள். விளக்கை எடுத்துக்கொண்டு படகுக்காரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அக்காவின் நகம் தங்கை கையில் பதிந்தது. நர்ஸ் பட்டையை எடுத்தாள். "சிஸ்டர், ஒரு நிமிஷம் பொறுங்க" என்று தடுத்தாள் டெய்லரம்மா. "எட்டாவது ஆள் தலையைக் குனிஞ்சிருக்கு. தோளைத் தொட்டான், சொட்டச் சொட்ட ஈரம். மெதுவா நிமிர்ந்து கேட்டுது, போன வாரம் படகு கவுந்தப்ப கரையில எண்ணிப் பார்த்தியே, என்னை ஏன் எண்ணாம விட்டே?"

அக்கா வீலென்று கத்தினாள். தள்ளுவண்டிக்காரரும் கூடவே கத்தினார். அவர் கத்தியதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, நிறுத்தவே முடியவில்லை. "இதுக்காகவா இத்தனை நாளும் தொண்டை கிழியக் கத்தின?" என்று தங்கையின் தோளில் ஒன்று வைத்தாள். அந்தச் சிரிப்பு அடங்கி மூச்சு சீரான பிறகு நர்ஸ் அளந்தாள். நூற்று முப்பத்தாறு.

அக்காவை வண்டிக்கு மாற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே போனதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையை மட்டும் திருப்பித் தள்ளுவண்டிக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணே, நானும் என் தங்கச்சியும் ரெண்டு பேர் ஏறுறோம். இறங்கறப்ப ஒழுங்கா எண்ணுங்க."