ஆளிருக்கா

அக்கா வீட்டுக்கு அவன் போனது அத்தானின் காலைப் பார்க்கத்தான். லாரிமேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கூடத்துக் கட்டிலில் கிடந்தார்.

"வா மாப்ள. மனுஷ மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு," என்றார், மனைவி பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருக்க.

அக்கா திரும்பவில்லை. காதில் ஹெட்போன், கண் லேப்டாப்பில். கை மட்டும் 'உட்காரு' என்று காட்டியது. ஒரு பார்சல் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலை அவளுக்கு. அத்தான் விழுந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அத்தான் தண்ணீர் கேட்டார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிற மாதிரி. அக்கா பாதித் தண்ணீரைத் தரையில் சிந்திக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தாள்.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது அவன் வீட்டு டம்ளர். தட்டியதும் அவன்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு, அவன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் போதும், மகள் ஏறி உட்கார்ந்து கீபோர்டை மத்தளம் கொட்டுவாள். ஒருமுறை மேலதிகாரிக்குப் பாதி எழுதிய கடிதம் அப்படியே போய்ச் சேர்ந்தது. அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதினான். கேமரா எதிரே முகம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், அவன் தட்டிப் பதிவுசெய்த டம்ளர் சத்தத்தை எழுப்பும், பிறகு திரையைப் பூட்டும். 'ஆளிருக்கா' என்று பெயர் வைத்துத் திறந்த மூலமாக வெளியிட்டான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், எதற்கும் பயன்படுத்தலாம். பகலெல்லாம் ஆபீஸில் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவனுக்கு விடுமுறை நாளின் இன்பம் இதுதான். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பூனையின் மூஞ்சியை நிரல் மனித முகமாக எடுத்துக்கொள்வதாக எழுதுவார்கள். பொறுமையாகப் பதில் சொல்வான்.

"அது என்னக்கா சத்தம்?"

"நான் எழுந்தா கத்தும். கத்தினா ஒரு சிவப்புப் புள்ளி. மாசக் கடைசியில புள்ளி நிறைய இருந்தா ஷிஃப்ட்டைக் குறைச்சிடுவாங்க."

"பாத்ரூம் போகணும்னா?"

"அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டு உக்காந்திருக்கணும். சூப்பர்வைசர் சரின்னா போகலாம்."

மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில் சொன்னாள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தான். அடியில் ஓடியது லினக்ஸ், அதுவும் திறந்த மூலம்தான். வேறு நாளாயிருந்தால் பெருமைப்பட்டிருப்பான். கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து விற்கும் கம்பெனியின் உதவிப் பக்கத்தின் கோடியில் 'கரப்பானுக்கு நன்றி' என்றிருந்தது. இணையத்தில் அவன் பெயர் அதுதான். எந்தப் பொந்திலும் நுழைந்துவிடுவான் என்று நண்பர்கள் வைத்தது. உரிமத்தில் கேட்டபடி பெயர் போட்டிருக்கிறார்கள், மூல நிரலும் தருகிறார்கள், ஒரு குறையும் இல்லை. திருடியிருந்தால் கோபப்படலாம். கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுச் செய்கிறவனை என்ன செய்வது? சாக்கடையில் கைவிட்ட மாதிரி இருந்தது.

விஷயத்தைச் சொன்னான்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறவனப் பாத்திருக்கேன்," என்றார் அத்தான். "நீ ஊருக்கே இலவசமா வெச்சிருக்க மாப்ள."

அக்கா சிரிக்கவில்லை. "எதுக்குடா பண்ணின?"

"பாப்பா கீபோர்டைத் தட்டுறான்னு."

"நல்லாருக்கு. பாப்பாவுக்குப் போட்ட பூட்டு என் கழுத்துல தொங்குது."

"ஒரு வரி மாத்தினா சத்தமே வராதுக்கா. இப்பவே பண்றேன்."

"தொடாத. மெஷின்ல கைவெச்சது தெரிஞ்சா வேலையே போயிடும்."

அத்தான் கேட்டார். "அது இவ மூஞ்சியப் பாக்குதா, இல்ல ஏதோ ஒரு மூஞ்சியா?"

அவன் யோசித்தான். "ஏதோ ஒரு மூஞ்சி."

கட்டிலை மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து அக்கா எழும்போதெல்லாம் அத்தான் ஒருக்களித்துத் தாடி மூஞ்சியைக் கேமராவுக்குக் காட்டினார். புள்ளி விழவில்லை. லாரியை விட இது சுலபமான வேலை என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

கொஞ்ச நாளில், 'ஆளிருக்கா'வின் குறைகளை எல்லோரும் எழுதும் பொதுப் பக்கத்தில் அந்த மென்பொருள் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் அருமையான படைப்புக்கு நன்றி. உட்காருபவர் மாறினாலும் நிரல் கண்டுகொள்வதில்லை. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது பெரும் இடைஞ்சல். விரைவில் சரிசெய்ய வேண்டுகிறோம்.' ஆதாரமாக ஒரு படமும் இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் நாற்காலியில் ஒரு கிழவர். முகத்தை மட்டும் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உள்ளாடைகளை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவன் முதலில் படத்தை அழித்தான். பிறகு எழுதினான்: 'இது குறை அல்ல. ஆள் இருக்கிறதா என்பதுதான் இந்த நிரலின் கேள்வி. யார் என்று அது கேட்காது.'

அவன் தட்டுகிற வேகத்தைப் பார்த்து மனைவி வந்து நின்றாள். கேட்டுவிட்டுச் சொன்னாள், "கதவத் தொறந்து வெச்சு எல்லாரும் வாங்கன்னு போர்டு மாட்டினது நீங்க. பன்னி வந்தா மட்டும் ஏன் வந்தேன்னு கேட்டா?"

'கண்காணிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று உரிமத்தில் ஒரு வரி சேர்க்கலாம். சேர்த்தால் அது திறந்த மூலம் ஆகாது. வாசலில் நின்று நல்லவன் கெட்டவன் பார்க்க நாம் யார் என்று இவனே எத்தனையோ பேரிடம் தொண்டை வறள வாதாடியிருக்கிறான். இனி சேர்த்தாலும் வெளியே போன பிரதிகளைக் கட்டாது.

இரண்டாம் நாள், கம்பெனி கேட்ட திருத்தம் வந்தது. எழுதியவள் அவன் நேரில் பார்த்திராத ஒரு பொறியாளர். பல மாதங்களாகக் கூலி வாங்காமல் அவனுக்கு உதவி செய்துவந்தவள். உட்கார்ந்த முகத்தை நினைவில் வைத்து, வேறு முகம் வந்தால் தட்டும்படி செய்திருந்தாள். ஒரு வரி வீணில்லை. அப்படியொரு சுத்தமான நிரலைப் பார்த்து அவன் பாராட்டி எழுதாதது அதுதான் முதல் தடவை.

இது எதற்குப் பயன்படும் என்று விளக்கி எழுதினான். அக்காவைப் பற்றியும் சொன்னான். 'வருத்தமாக இருக்கிறது,' என்று பதில் வந்தது. 'ஆனால் நாம் கருவி செய்கிறவர்கள். அதை என்ன செய்வது என்பது வாங்குகிறவன் பாடு. உங்கள் உரையில் கேட்டதுதான்.'

ஒரு திறந்த மூல மாநாட்டில் அப்படிப் பேசியது உண்மைதான். கைதட்டல் கூட வாங்கியிருந்தான்.

திருத்தத்தை ஏற்க மறுத்தான். அவள் சண்டை போடவில்லை. மொத்த நிரலையும் பிரதி எடுத்து, தன் திருத்தத்தைச் சேர்த்து, தன் பெயரில் வெளியிட்டாள். அதற்கும் உரிமத்தில் இடம் உண்டு. கம்பெனி அதற்கு மாறிக்கொண்டது. போகிற போக்கில், மென்பொருள் சுதந்திரம் பற்றித் தங்கள் விழாவில் பேச வரும்படி அவனுக்கு ஓர் அழைப்பும் அனுப்பியது. அதை முழுக்கப் படிக்காமலே அழித்தான்.

"இப்ப இவரு மூஞ்சி செல்லாதாம்டா," என்றாள் அக்கா போனில். புதிய பதிப்பு வந்த அன்று அத்தான் வழக்கம்போல் ஒருக்களித்தார், டம்ளர் சத்தம் கேட்டது. அந்த மாசக் கடைசியில் ஒரு ஷிஃப்ட் போயிற்று. தண்ணீர், மாத்திரை, சிறுநீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண் எடுக்காமல் கணவனுக்குப் பாட்டிலைப் பிடித்தாள்.

"என்னாலதான்கா," என்றான்.

"விடு. நீ இல்லேன்னா இன்னொருத்தன் எழுதியிருப்பான்."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவனுக்கு அது சவுக்கடியாக இருந்தது.

அத்தான் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அக்கா வேலையை விட்டு, ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். நாளெல்லாம் நிற்கிற வேலை, கால் வீங்கிவிடும். ஆனாலும் பகலில் இரண்டு வாய் சாப்பிட முடிகிறது என்றாள். அவன் 'ஆளிருக்கா' பக்கத்தை, காரணத்தை எழுதிவிட்டு இழுத்து மூடினான். சிலர் பாராட்டினார்கள், சிலர் வேஷக்காரன் என்றார்கள். இரண்டுமே அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில், பிரிண்டருக்காக அவன் எழுதிய வேறொரு நிரலில் எழுத்துகள் உடைந்து அச்சாவதாக யாரோ எழுதியிருந்தார். சரிசெய்யச் சிறிது நேரம் போதும். அவனோ, எழுதியவர் யார், எங்கே வேலை செய்கிறார், எதை அச்சடிக்கிறார் என்று தேட ஆரம்பித்தான். படம் கிடைத்தது. அலுவலகம் கிடைத்தது. அவர் தங்கை கல்யாணப் புகைப்படங்கள் வரைக்கும் போய்விட்டான். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அங்கேதான் உறைத்தது. சீ என்று வாய்விட்டே வந்தது.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மகளோடு கடைக்குப் போய்வந்தான். மறுநாள் அந்த ஆளுக்குத் திருத்தத்தை அனுப்பினான். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் முன்போல் லேசாக இல்லை.