வீட்டு வேனுக்கு ஒரு முட்டுக்கால்

தங்கையன் வெட்டிப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தாள் ராக்கம்மாள். படி ஆடியது. படி மட்டுமா? அந்த வீட்டு வேனே முனகிக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"அக்கா, பிடிங்க, பிடிங்க!" என்று கத்திக்கொண்டே சுரையா ஓடிவந்து அவள் இடுப்பைத் தாங்கினாள். "படியேறச் சொன்னா ராட்டினம் ஏறுறீங்களே!"

"இந்தக் கட்டை ஆவாது புள்ள. சிமெண்டுத் தரையிலயே இந்தக் கூத்துன்னா, கொள்ளிடத்து மணல்ல நான் தலைகுப்புறத்தான்."

படிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த புளியங்கட்டையைச் சுரையா காலால் எத்தித் தள்ளினாள்.

போன பங்குனியில் காட்டூர் வாழைக்கொல்லையில் ராக்கம்மாளின் அண்ணன் சின்னையனைத் தங்கையன் வெட்டிக் கொன்றான். வாய்க்கால் தகராறு. பட்டப்பகல். தண்ணீர்ப் பானையோடு வரப்பில் வந்துகொண்டிருந்த ராக்கம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்ததற்குக் கூலியாக அடுத்த வெட்டு அவளுக்கு விழுந்தது. இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு அறுந்து, அந்தக் கால் அன்றிலிருந்து மடங்குவதில்லை. தங்கையன் ஜாமீனில் வெளியே வந்து மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். திங்கட்கிழமை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. கண்ணால் கண்ட சாட்சி அவள் ஒருத்திதான். அதுவரைக்கும் அவள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

திருவானைக்காவலில் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரர், "என்னை மன்னிச்சிடுங்கம்மா, எனக்கும் குழந்தைகுட்டி இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் அவள் புருஷன் நல்லுசாமி இந்த வேனைப் பிடித்தான். பச்சைமலைக்கு வேட்டைக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவர ஒரு ஜமீன்தார் செய்யச் சொன்ன வண்டி. பழைய மிலிட்டரி லாரியின் மேல் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, கொசுவலை போட்ட ஜன்னல் எல்லாம் வைத்துக் கட்டியது. ஜமீன்தாருக்கு ஆசை தீர்ந்துபோய்விட, வண்டி பாலக்கரையில் குத்புதீன் பாயின் பட்டறையிலேயே தூங்கியது.

"தினம் ஒரு எடத்துல படுப்போம். எவன் கண்டுபிடிக்கிறான்னு பாக்குறேன்" என்றான் நல்லுசாமி. இன்று ராத்திரிக்கு வண்டி நிறுத்தக் கொள்ளிடக்கரையில் இடம் பார்க்க ஸ்ரீரங்கம் போயிருந்தான்.

குறை ஒன்றே ஒன்றுதான். வேனின் பின்கதவிலிருந்து தொங்கிய இரும்புப் படி. அதன் கீழ்முனை அந்தரத்தில் நின்றது. வேட்டைக்காரன் தாவி ஏறிக்கொள்வான். ஒற்றைக் காலில் நிற்கும் ராக்கம்மாள் என்ன செய்வாள்? நேற்று சறுக்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டதுதான் மிச்சம்.

படியின் இடது, வலது இரு முனைக்கும் முட்டு வேண்டும். ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும்போது குத்புதீன் மூன்று தினுசு எடுத்துத் தரையில் போட்டார். புளியங்கட்டை. கீல் வைத்து மடக்குகிற குழாய்க்கால். மரை போட்டுத் திருகி இறக்குகிற திருகுக்கால், அதன் அடியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு.

"ஏறி எறங்கப்போறது நீங்க. நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள எதுன்னு சொல்லிடுங்கம்மா" என்று சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் பட்டறையில் ஈ காக்கை இருக்காது என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியாதது வேறு. ஆம்பிளைகள் வெளியே போனதும், வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் கதவு திறக்கும். குத்புதீனின் மனைவி வஹீதாவும் தங்கை சுரையாவும் உள்ளே வருவார்கள். அந்தப் பட்டறையிலிருந்து போகிற வண்டிகளுக்கெல்லாம் சீட்டும் திரையும் தைப்பது அவர்கள்தான். அந்நிய ஆண் கண்ணில் படாமல் வண்டிக்குள் ஏறி அளவெடுக்கவும் ஆணி அடிக்கவும் அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நேரம்தான்.

இப்போதும் வஹீதா வேனுக்குள் பாதி இழுத்த திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டில் மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கையில் சாண் நீளத்துக்குக் கோணி ஊசி. பக்கத்தில் கரியடுப்பில் வஜ்ஜிரப் பசை கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது குழாய்க்காலைப் போட்டுப் பாரு சுரையா" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

போட்டார்கள். ராக்கம்மாள் ஏறினாள். குழாய் கீழே இறங்கவில்லை, ஆனால் பக்கவாட்டில் நெளிந்தது.

"குடிகாரன் மாதிரி தள்ளாடுது மச்சி" என்றாள் சுரையா. அண்ணன் பெண்டாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அப்ப திருகுறதைப் போடு."

சுரையா இடது முனையில் திருகுக்காலை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினாள். தகடு இறங்கிச் சிமெண்டில் அழுந்தியது. ராக்கம்மாள் இடது ஓரமாய் ஏறி நின்று, பிடித்திருந்த கைகளை விட்டாள். வேன் மூச்சுக்கூட விடவில்லை.

"அசையல வஹீதா!"

"நம்ம வீட்டு ஆம்பிளைங்க பேச்சு நிக்கிறதில்ல, இதாவது நிக்குதே" என்று உள்ளிருந்து சிரித்தாள் வஹீதா. "மணல்ல இந்த அகலத் தகடுதான் புதையாது. இதையே வச்சுக்க."

"வலப்பக்கத்துக்கும் மாட்டிடுறேன், அப்படியே நில்லுங்கக்கா" என்று சுரையா இன்னொரு திருகுக்காலை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

பட்டறையின் தகரக் கதவு கிறீச்சிட்டது.

தங்கையன் வந்தான். பின்னாலேயே அவன் கையாள் பெரியண்ணன் வந்து கதவைத் தாழ் போட்டான். இருவர் கையிலும் அரிவாள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது படியில் தனியாக நின்ற ராக்கம்மாள் மட்டும்.

"என்ன ராக்கு, வீட்டுக்குச் சக்கரம் மாட்டிட்டியாமே?" என்றான் தங்கையன். "ஊரைச் சுத்திப் பாக்கப் போறியா?"

"கோர்ட்டைப் பாக்கப் போறேன்."

"கொழுப்பு கொறையல பாத்தியாடா! கத்து, நல்லாக் கத்து. பாய்ங்க எல்லாம் பள்ளிவாசல்ல. வர நாதியில்ல."

அவன் பாய்ந்தான். ராக்கம்மாள் வேனுக்குள் மல்லாந்து விழுந்தாள். அரிவாள் கதவுச் சட்டத்தில் பாய்ந்து ஒரு சிம்பைப் பெயர்த்தது. தங்கையன் அடுத்த வெட்டுக்காகப் படியின் வலது பக்கம் காலை ஊன்றி ஏறினான்.

வலது பக்கம் முட்டு இல்லை. படி முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் தாழ, இடது தகடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. தடுமாறிய நிலையிலும் அவன் வீசிய வீச்சு ராக்கம்மாளின் தோளைக் கிழித்தது. ரத்தம் புது மெத்தையில் தெறித்தது.

அடியிலிருந்து சுரையா வெளியே உருண்டாள். கையில் இருந்த திருகுக்காலை உலக்கை மாதிரி ஓங்கித் தங்கையனின் முழங்காலில் இறக்கினாள். சொத்தென்று சத்தம். அவன் அலறிக்கொண்டு இடது பக்கமாய்ச் சரிந்தான். அரிவாள் கை நழுவிப் படியில் விழுந்தது. கணுக்கால் எழும்பி நின்ற தகட்டுக்கு அடியில் போய் மாட்டியது.

"பொம்பளைங்கடா!" என்று வாயைப் பிளந்த பெரியண்ணன், சுரையாவின் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கழுத்துக்கு அரிவாளைக் கொண்டுபோனான்.

வேனின் திரை விலகியது. "யா அல்லா!" என்ற கூச்சலோடு வஹீதா வஜ்ஜிரச் சட்டியை அவன் முகத்தில் கவிழ்த்தாள். கொதிக்கும் பசை கண்ணிலும் மூக்கிலும் வழிந்து ஒட்டிக்கொண்டது. பிய்க்கப்போன கையோடு தோலும் வந்தது. அவன் குருட்டுத்தனமாய் அரிவாளை வீச, வஹீதா வேனிலிருந்து குதித்து அந்தக் கைக்குள் கோணி ஊசியை அடிவரை செருகினாள். பெரியண்ணன் பன்றி மாதிரி கத்திக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, சுருண்டு விழுந்தான். சுரையா அவன் அரிவாளைப் பொறுக்கி வீட்டுப் பக்கம் எறிந்தாள்.

இதற்குள் தங்கையன் காலை உருவப் பார்த்தான். ராக்கம்மாள் வாசலிலிருந்து சறுக்கி, படியின் இடது ஓரத்தில் தன் முழுக் கனத்தோடு உட்கார்ந்தாள். தகடு இறங்கியது. கணுக்கால் நொறுங்கிய சத்தம் மூன்று பெண்களுக்கும் கேட்டது.

ராக்கம்மாள் பக்கத்தில் கிடந்த அவன் அரிவாளை எடுத்தாள். அண்ணனை வெட்டிய கை கீழே தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கழுத்து எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அரிவாளை ஓங்கினாள்.

"ராக்கு... வேண்டாம் ராக்கு... ஒன் காலைப் புடிக்கிறேன்..."

"எந்தக் காலைடா?"

அரிவாள் இறங்குமுன் வஹீதா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "வேண்டாம் ராக்கம்மா. இவனை வெட்டினா திங்கக்கிழமை குற்றவாளிக் கூண்டுல நிக்கப்போறது யாரு? நீ! ஒன் அண்ணனைக் கொன்னது யாருன்னு அப்புறம் எவ சொல்லுவா?"

ராக்கம்மாளின் தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டித் தங்கையன் முகத்தில் விழுந்தது. அவள் அரிவாளை வேனுக்குள் எறிந்துவிட்டு, குனிந்து திருகின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இது நீ நகராம இருக்குறதுக்கு" என்றாள்.

தகரக் கதவைப் பிளந்துகொண்டு குத்புதீனும் ஆட்களும் நுழைந்தபோது வஹீதாவும் சுரையாவும் திரைக்குப் பின்னால் போய்விட்டிருந்தார்கள். பின்னாலேயே நல்லுசாமி வந்தான். ஏட்டு ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து, சுவரோரம் கிடந்தவனையும் தகட்டுக்கடியில் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். திருகைத் தளர்த்தினார்கள். தங்கையனின் பாதம் வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. பிளந்த இடத்திலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது. முகம் வெளுத்துக் கண் செருகியது.

"போற கேஸுங்க" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"சாவட்டும் நாய்!" என்றான் நல்லுசாமி.

ராக்கம்மாள் படியிலிருந்து இறங்கினாள். தோளில் புருஷன் அழுத்திக்கொண்டிருந்த துண்டைப் பிடுங்கினாள். தரையில் உட்கார்ந்து, அந்தக் கணுக்காலுக்கு மேலே அதைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் ஏட்டு திகைத்துப்போய்.

"நின்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க ஏட்டய்யா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. இவனைப் பெரிய டாக்டரா பாத்துக் காட்டுங்க. ரத்தம் வேணும்னா ஏத்தச் சொல்லுங்க. திங்கக்கிழமை கோர்ட்டுல நான் கையைக் காட்டுற எடத்துல இவன் இருக்கணும்."

தங்கையனின் கண்கள் மெல்லத் திறந்தன. முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள் அவள்.