பிரேக்கில் வைத்த கால்

எல்கடுவையில் பழைய லொறி வைத்திருப்பவனுக்கு மழையும் பனியும் சேர்ந்த மாதங்கள் பெரும் தண்டனை. விடியற்காலையில் டீசல் என்ஜினுக்குள் எண்ணெய் இறுகிக் கிடக்கும். பற்றறி முனகும், என்ஜின் அசையாது. அதனால் சாலிஹ் தன் லொறியை எப்போதும் சரிவில்தான் நிறுத்துவார். அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய், லொறிக்கு அடியில் படுத்து, என்ஜினுக்குக் கீழே வைத்து விசிறுவார். சூடேறியதும் லொறியை உருளவிட்டு ஸ்டார்ட் பண்ணுவார். உருட்ட ஒரு தடவைதான் இடமுண்டு. வளைவைத் தாண்டினால் ஏற்றம். அதற்குள் என்ஜின் பிடிக்காவிட்டால் லொறி அங்கேயே படுத்துவிடும்.

ஹேண்ட்பிரேக் தேய்ந்து பல காலம். சில்லுக்கு முட்டுக் கொடுத்த கல்லும் சேற்றில் நம்பும்படி நிற்காது. ஆகவே அவர் அடியில் படுத்திருக்கும்போது அவரைக் காக்கா என்று அழைக்கும் தம்பி ஹுசைன் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பான். ஒக்டோபர் மழையில் ஒரு நாள் லொறி உருண்டது. அடியில் கிடந்த சாலிஹ் நசுங்கி மௌத்தானார்.

கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் ஹுசைன் சொன்னான். ஊர் சும்மா இருக்குமா? லொறி இனி யார் கைக்கு வருகிறது என்று ஜனாஸா எடுக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டது. சாலிஹின் மனைவி ஸக்கியா அந்தப் பேச்சை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தவள், ஹுசைனின் குரல் வாசலில் கேட்கும்போதெல்லாம் அவன் காலைத்தான் நினைத்துக்கொண்டாள். அவனும் அன்றிலிருந்து வெயில் ஏறிய பிறகே லொறியை எடுத்தான். தணல் சட்டியைத் தொடவேயில்லை.

டிசம்பரில், இத்தா முடியுமுன்பே, மகள் மஸீஹாவுக்கு நோவு கண்டது. தலைப்பிள்ளை. மருமகன் வெங்காயம் வாங்கக் கலேவெலைக்குப் போயிருந்தான். தோட்டத்து மருத்துவிச்சி ராசம்மா இரவெல்லாம் பக்கத்தில் இருந்துவிட்டு, விடியுமுன் சுபஹு நேரத்தில் வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குதுங்க. இனி என் கையில இல்ல. வெயில் வர்ற வரைக்கும் வச்சிருக்காதீங்க, மாத்தளைக்குக் கொண்டு போயிடுங்க."

லொறியைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ராசம்மா மஸீஹாவை விட்டு நகர முடியாது. அக்கம்பக்கத்தில் வேறு வீடில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் என்ன ஆகுமோ. ஸக்கியா முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு, அடுப்பிலிருந்த சிரட்டைத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூடுபனியில் லொறியின் முன்பாதிதான் தெரிந்தது. இரவெல்லாம் வாசலில் காத்திருந்த ஹுசைன் பற்றறியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அவனுக்குத்தான் ஓட்டத் தெரியும், அவனே மேலே இருக்கட்டும், தணலைத் தான் வைப்பதாக ஸக்கியா சொன்னாள். இவன் காலை நம்பி அந்த இடத்தில் படுக்கவேண்டும்.

ஹுசைன் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"காக்கா படுத்த எடத்துல ஒங்களப் படுக்க வைக்க மாட்டேன் மதினி. நீங்க மேல ஏறி பிரேக்க மிதிச்சிக்கிட்டு இருங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அவள் ஏறினாள். செருப்பில்லாத கால், சேறும் பனி ஈரமும். மிதித்துப் பிடித்தாள். ஹுசைன் குனிந்து லொறிக்கு அடியில் மறைந்தான். அவன் விசிறும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வரக்கூடாத நினைப்பு. இந்தக் காலை எடுத்தால் போதும். அன்றைக்கு நடந்தது என்னவாக இருந்தாலும் கணக்குத் தீர்ந்துவிடும். ஸக்கியா பயந்துபோனாள். இவ்வளவு நாளும் அவனுக்குப் பயந்தவள் இப்போது தனக்கே பயந்தாள். "அஊது பில்லாஹ்" என்று அல்லாஹ்விடம் காவல் தேடி முணுமுணுத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தாள். தான் இவ்வளவு நாளும் அவனைச் சந்தேகித்தது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துமா போய்ப் படுத்தான்?

உள்ளே மஸீஹா அலறினாள்.

தணல் பிடிக்க நேரமெடுத்தது. முழங்கால் முதலில் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு தானாக ஆடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. மகள் மறுபடி அலற, ஸக்கியா திரும்பி வீட்டைப் பார்த்தாள். திரும்பியது அவ்வளவுதான். ஈரப் பாதம் பிரேக்கின் விளிம்பில் சறுக்கியது.

லொறி நகர்ந்தது. சில்லுக்கடியில் கல் கறகறவென்று சேற்றில் அமிழ்ந்தது.

அவள் இரண்டு கால்களாலும் பாய்ந்து மிதித்தாள். லொறி நின்றது. விசிறும் சத்தமும் நின்றுவிட்டது.

"தம்பி?"

பதில் இல்லை. ஸக்கியா மூச்சுவிடவும் பயந்து, காலை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டாலும் தான் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கால் வழுக்கிவிட்டது என்று சொல்வாள். அதைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை. யார் நம்புவார்கள்?

கீழேயிருந்து குரல் வந்தது. நடுக்கம் அதில் நன்றாகத் தெரிந்தது.

"இருக்கேன் மதினி. எடுத்திடாதீங்க."

மறுபடி விசிறத் தொடங்கினான். சூடேறும் வரைக்கும் வெளியே வரவில்லை.

முகமெல்லாம் கரியோடு எழுந்து வந்தவன், கதவைத் திறந்து, தன் காலை அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்து பிரேக்கைப் பிடித்துக்கொண்ட பிறகே அவளை இறங்கச் சொன்னான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஸக்கியாதான் சொன்னாள்.

"என் காலும் வழுக்கிச்சி, தம்பி."

ஹுசைன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழ நேரமில்லை, பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று அவள் அதட்டினாள். அவளுடைய கண்ணீரும் முக்காட்டுக்குள் வழிந்துகொண்டுதான் இருந்தது.

ஹுசைன் பிரேக்கை விடாமல் இருக்க, ஸக்கியாவும் ராசம்மாவும் மஸீஹாவைப் பாயோடு தூக்கிப் பின்தட்டில் கிடத்தினார்கள். ராசம்மா ஏறிக்கொண்டாள். ஸக்கியா மகளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். லொறி சத்தமில்லாமல் பனிக்குள் உருண்டது. வளைவு வந்தது. என்ஜின் ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

மாத்தளை ஆஸ்பத்திரி வாசல் வரும்வரைக்கும் ஸக்கியாவின் வலது கால் பின்தட்டுப் பலகையை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.