நாளைய குழம்பின் வாசனை

2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை தொடங்கி, கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு ஏழாவது லைனின் கடைசி வீட்டில், மறுநாள் வைக்கப்போகும் குழம்பின் வாசனை முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே வந்துவிடும். வீடு கொர்னேலியஸுடையது. முதல் நாள் வந்தது முருங்கைக்காய் சாம்பார். அடுப்பு அணைந்து கிடந்தது, வீட்டில் முருங்கைக்காயும் கிடையாது. பக்கத்து வீட்டில் கொதிக்கிறது என்று கொர்னேலியஸின் மனைவி லவினா நினைத்தாள். லவினா வீட்டில்தான் கொதிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜெயம்மா நினைத்தாள். பொழுது போவதற்குள் யாரோ தங்கள் மரத்தில் காய்த்ததென்று ஆறு காய்களை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். லவினா விடியற்காலையில் சாம்பார் வைத்தாள். ஒரு மாதத்துக்குள் லைனே பழகிவிட்டது. தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று தெரிந்து வைத்திருப்பதைப் போல, லவினா வீட்டில் நாளைக்கு என்ன என்பதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒருமுறை மட்டும் லவினா பிடிவாதம் பிடித்தாள். வந்தது கீரை வாசனை, அவள் முட்டைக் குழம்பு வைக்கப்போவதாகச் சொல்லிப் பன்னிரண்டு முட்டை வாங்கி வந்தாள். வாசற்படியில் கால் இடறிப் பன்னிரண்டும் உடைந்தன. அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கூடைக்காரி கடைசிக் கட்டுகளைத் தள்ளிவிட வேண்டுமென்று கீரையோடு வந்து நின்றாள். அதற்குப் பிறகு லவினா வாசனையோடு மல்லுக்கு நிற்கவில்லை.

தங்கச் சுரங்கம் மூடி அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. லைனில் முக்கால்வாசிப் பேர் விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், மாலை வண்டியில் திரும்புகிறவர்கள். லவினா ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலரில் நூல் பிசிறு வெட்டினாள். கொர்னேலியஸ் லிஃப்ட் மெக்கானிக். அப்பா கேஜ் என்கிற இரும்புப் பெட்டியில் பூமிக்குள் இறங்கினார், மகன் அதே மாதிரிப் பெட்டியில் மேலே ஏறுகிறான் என்று லைனில் கிண்டல் செய்வார்கள். காலை ரயிலின் பெண்கள் பெட்டியில் லவினா ஏறி உட்கார்ந்ததும் யாராவது ஒருத்தி கண்ணைத் திறக்காமலே கேட்பாள், "இன்னிக்கு இன்னா?"

"வத்தக்கொழம்பு."

"உனுக்கு இன்னா, ராணி. எங்கூட்ல அதே உப்புமா."

"ஞாயித்துக்கெழம மட்டன் வந்துச்சின்னா சொல்லுடி. அது வரிக்கும் சூப்ரவைசர் வாய தாங்கிக்கிறேன்."

இப்படிப் பேசிக்கொண்டே வேலை போனவர்களும், மாப்பிள்ளை அமையாதவர்களும், மூன்று மாதச் சம்பளம் வராதவர்களும் பதினோரு வருடம் அந்தப் பெட்டியில் போய்வந்தார்கள். அவர்களில் யாருடைய வீட்டிலும் வாசனை வரவில்லை. ஆனால் ஒரு வீட்டிலாவது நாளைக்கு இன்னது என்று உறுதியாகத் தெரிந்திருப்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கொர்னேலியஸின் அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவர் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். எண்பதாவது லெவலில், பாறை சத்தம் போடுகிற நாட்களில், ஒருத்தன்கூடத் தங்கத்தைப் பற்றிப் பேசியதில்லை என்பார். "நாளிக்கு உங்கூட்ல இன்னா கொழம்பு, அத்த சொல்லுன்னுதான் கேப்பானுங்க. சொல்லிட்டான்னா அன்னிக்கி பொழச்சி மேல வந்துடுவான்." இதைச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவார்.

2018 பிப்ரவரியில் ஒரு மாலை வாசனை வரவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காற்று மாறியடிக்கிறது என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் காலை கொர்னேலியஸின் அப்பா எழுந்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது லைனின் வழக்கம், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் ஒன்றுதான். மூன்று நாளும் பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு லவினா வீட்டில் ரசம் மணத்தது. அதிலிருந்து லைனில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துபோயிற்று, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாசனை வந்தால் நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியும். வராவிட்டால் எரியாது.

கொர்னேலியஸுக்கு மூச்சு வாங்குகிறது என்பது 2023இல்தான் தெரிந்தது. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், ஆகவே அவன் எப்போதும் படியேறித்தான் போக வேண்டும். ஒன்பதாவது மாடிக்குப் போகிற வழியில் ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலின் வேலை என்றார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை, தொடை வழியாக ஒரு குழாயை விட்டு விரித்துவிடலாம், விடியற்காலையில் வந்து சேர்ந்தால் காலையிலேயே முடிந்துவிடும் என்று சொல்லி அக்டோபரில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை லவினா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அவர்களுடைய மகள் வின்னிக்குப் பதிமூன்று வயது, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. வாசனை வரவில்லை.

கொர்னேலியஸ் கட்டிலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா லவினா, ஒண்ணும் வரலியே," என்றான்.

"உங்களுக்கு மூக்கு அடச்சிருக்கும்."

"உனுக்கு வருதா?"

"வருதே."

"இன்னா கொழம்பு?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கொண்டக்கடல," என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு படி கடலையைப் பித்தளைப் பாத்திரத்தில், அவன் காதில் விழும்படி மேலே இருந்து கொட்டினாள். தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். கொர்னேலியஸ், "ஆமா, சளிதான் புடிச்சிருக்குது," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். பதினாறு வருடக் குடித்தனத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பொய் அது ஒன்றுதான், இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

லவினா கொல்லைப்புறம் வந்து நின்றபோது ஜெயம்மா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவள் முல்பாகல் பக்கத்துத் தெலுங்குக்காரி, இந்த லைனுக்கு மருமகளாக வந்து நாற்பது வருடம். லைன் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் பின்னால், மூக்கை மேலே தூக்கியபடி இருந்தார்கள். "போகாம விட்டுடலாமா?" என்று லவினா கேட்டாள். போகாவிட்டால் தள்ளிப் போகிற விஷயமா இது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயம்மா அவள் பக்கம் திரும்பினாள். "வாசன இன்னா சொல்லுது? ஆளு போவான்னா சொல்லுது? அடுப்பு எரியாதுன்னுதானே சொல்லுது," என்றாள்.

"ஆமா."

"அடுப்பு எரிஞ்சா அது சொன்னது தப்பு. தப்புன்னா முழுசும் தப்பு. சாவியக் குடுத்துட்டுப் போ. அடுப்ப நாங்க பாத்துக்கறோம்."

சுரங்கக்காரர் குடும்பங்களுக்கு எந்த வேலையையும் வேறு விதமாகப் பங்கு போடத் தெரியாது. காலை ஆறிலிருந்து இரண்டு வரை, இரண்டிலிருந்து பத்து வரை, பத்திலிருந்து ஆறு வரை என்று அங்கேயே நின்று மூன்று ஷிஃப்ட் பிரித்தார்கள். முதல் ஷிஃப்ட் எதிர்வீட்டு டீனாவுக்கு. அவளுக்கு இருபத்திரண்டு வயது, வேலை தேடிக்கொண்டிருந்தாள். "நான் ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்ல, எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டா?" என்றாள். "எல்லாருக்கும் ஒரு மொத நாள் உண்டுடி," என்றாள் ஜெயம்மா. வீட்டில் இருந்த சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, போதாது என்று தன் வீட்டுச் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு டீனா அடுப்பைப் பற்றவைத்துக் கொண்டைக்கடலையை ஏற்றினாள். வின்னியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எட்டே முக்காலுக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பச்சைத் துணி போர்த்திய கொர்னேலியஸைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது, நூறு கிலோமீட்டர் தாண்டி அந்தத் தாழ்வாரம் முழுவதும் தேங்காய் அரைத்துவிட்ட கொண்டைக்கடலைக் குழம்பு மணத்தது. காவலாளி வந்து வெளிச்சாப்பாடு யார் கொண்டுவந்தது என்று கன்னடத்தில் சத்தம் போட்டு, காத்திருந்தவர்களின் பைகளை எல்லாம் திறந்து பார்த்தார். நர்ஸ் மூக்கைச் சுளித்து, பிறகு சிரித்துவிட்டாள். கொர்னேலியஸ் தலையைத் தூக்கி லவினாவைத் தேடினான்.

"சளி வுட்டுடுச்சிடி," என்றான்.

"நான்தான் சொன்னேனே."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். பத்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, வால்வு விரிந்தது, ஆனால் இதயம் தாங்கவில்லை என்றார். எல்லாம் செய்து பார்த்தோம் என்றார். தாழ்வாரத்தில் குழம்பு வாசனை அப்போதும் குறையவில்லை. லவினா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் போனை எடுத்தாள். அடித்தது வீட்டில் இருந்த டீனாவுக்கு.

டீனா கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அழக்கூட வரவில்லை, கையில் கரண்டி இருந்தது. நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தாள். "அக்கா," என்றாள், "அடுப்ப அணச்சிடட்டா?"

லவினா வேறொன்று கேட்டாள்.

"கொழம்பு இறக்கிட்டியா?"

"இறக்கிட்டேங்க்கா. சோத்துக்கு ஒல வச்சிருக்கேன்."

"அணைக்காத. ஒரு மணிக்கு வின்னி சாப்பாட்டுக்கு வருவா. அவுளுக்கு சுடு சோறு போடு. வயிறார சாப்ட்டு கை கழுவனப்புறம் சொல்லு. முன்னாடி சொல்லாத."

ஒரு மணிக்கு வின்னி வந்தாள். பையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு ஆயிடிச்சாக்கா?" என்று கேட்டாள். "ஆயிடிச்சி, சாப்டு," என்றாள் டீனா. வின்னி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஆனாலும் அம்மா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லாதே என்றாள். டீனா எதிரில் உட்கார்ந்து அவளுடைய ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிற்பாடு பெங்களூரில் மூன்று வேலை பார்த்துவிட்டாள். அந்த ஒரு ஷிஃப்டைப் போல நீளமான ஷிஃப்ட் எதிலும் இருந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள். வின்னி கை கழுவினாள். துண்டில் துடைத்தாள். டீனா சொன்னாள்.

இரண்டு மணிக்கு ஜெயம்மா வந்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். சேதி லைன் முழுக்கப் பரவியிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் பரவியிருந்தது. சர்ச் சபையின் மூப்பர் ஒருவர் சமையலறை வாசல்வரை வந்து, இது நம் லைனில் இல்லாத வழக்கம், அணைத்துவிடுங்கள் அம்மா என்றார். ஜெயம்மா திரும்பிப் பார்க்காமல் உலையைக் கிளறினாள். "என் ஷிஃப்ட் பத்து மணிக்குத்தான் முடியிது. அதுக்கப்புறம் வந்து பேசுங்க." அவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். ஷிஃப்ட் நடுவில் ஆளை வேலையிலிருந்து எழுப்பக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கொர்னேலியஸை முன்னறையில் கிடத்தினார்கள். லவினா தலைமாட்டில் உட்கார்ந்தாள், வின்னி அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பின் மேல் வெந்நீர் சளசளத்தது. லைன் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசனை சொன்னது பாதி பலித்து, பாதி பொய்த்திருந்தது. இப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. இனி அது வராது என்று சிலர் நினைத்தார்கள். முன்போல மூன்றாம் நாள் வரும் என்று சிலர் நினைத்தார்கள். போதகர் பைபிளைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஆறு மணிக்கு வாசனை வந்தது.

முதலில் எண்ணெயில் வெந்தயம் பொரிகிற மணம், அதன்பின் பூண்டு, அதன்பின் சந்தேகத்துக்கே இடமில்லாமல் கருவாடு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாலைகளின் மணத்தையும் ஊதுவத்தியையும் தள்ளிக்கொண்டு அது முன்னறை முழுவதும் நிறைந்து, வாசலில் நாற்காலியில் இருந்தவர்கள்வரை போயிற்று. போதகர் ஒரு வசனத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, மேலே படித்தார். நாளைக்கு மதியம் அடக்கம், நாளைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்பதும் தெரிந்துவிட்டது. வின்னி மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். லவினா கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மாங்கா போட்டது," என்றாள்.

ஆமாம், மாங்காயும் இருக்கிறது என்று பெண்கள் தலையசைத்தார்கள்.

கருவாட்டு நெடிக்கே தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிற ஜெயம்மா எழுந்தாள். கரண்டியை டீனாவின் கையில் கொடுத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு, நெத்திலி எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று வாசலில் நின்றிருந்த ஒருத்தியிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடை சாத்துவதற்குள் போய்விட வேண்டுமென்று ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வேகமாக நடந்தாள்.